கடைசிக் காகம் கேட்கும் கேள்வி

முற்பகல் பதினொன்று நாற்பத்தைந்துக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. அதற்கு முந்தைய கால் மணி நேரத்தில் ஐந்தாறு முறையாவது கைக்கடிகாரத்தைப் பார்த்திருப்பேன். அதனால் நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்று என் கணவரின் முதல் வருடத் திதி. கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எல்லோரும் நின்றிருந்தோம். கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு துண்டு வாழை இலையில் சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், இரண்டு உளுந்து வடை. காகம் வந்து ஒரு வாய் எடுத்தால்தான் கீழே மற்றவர்களுக்கு இலை போட முடியும். எங்களுக்கு மகன் இல்லை. கொழுந்தனார்தான் ஈர வேட்டியோடு சடங்கைச் செய்தார். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் நான்கு காகங்கள் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றும் இறங்கவில்லை.

"அண்ணன் ஒரு நாளும் வண்டிய லேட்டா எடுத்ததில்ல. இன்னைக்கு இன்னா இது?" என்றார் கொழுந்தனார்.

"டீசல் போடப் போயிருப்பாரு," என்றாள் அவர் மனைவி. இரண்டு பேர் சிரித்தார்கள். என் கணவர் பதினான்கு வருடம் கரியாலூர் மலை பஸ் ஓட்டியவர்.

காகம் வராவிட்டால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவருக்கு மனதில் ஏதோ குறை இருக்கிறது என்று அர்த்தம். என்ன குறை என்று இருப்பவர்கள் ஊகித்து, ஒவ்வொருவராகச் சத்தமாகச் சமாதானம் சொல்ல வேண்டும். சரியான குறையைத் தொட்டுவிட்டால் காகம் இறங்கிவிடும் என்பது நம்பிக்கை. எங்கள் பெண்ணின் படிப்பைத் தான் பார்த்துக்கொள்வதாகக் கொழுந்தனார் சொன்னார். "நீங்க வெச்ச முருங்க மரத்த வெட்டல மாமா, அப்பிடியே கீது," என்றாள் அவர் மனைவி. என் முறை வந்தபோது, உடம்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பொருத்தமில்லாமல் எதையோ முணுமுணுத்தேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை குறைவு.

அப்போது என் நாத்தனார் முன்னால் வந்தார். என் கணவருக்கு மூத்தவர், நைனார்பாளையத்தில் இருப்பவர். சுவரோரம் நின்று கைகூப்பினார்.

"தம்பி, எனக்குத் தெரியும்டா. பொண்ணக் கண்ணுல காட்டலன்னுதான வராம கீற? பாப்பா வந்துச்சா, பாப்பா வந்துச்சான்னு ரெண்டு தபா கேட்ட. அது பரீட்ச எழுதிக்கினு இருக்குதுன்னு நாங்கதான் இட்டாரல. தப்புதான்டா. வந்து சாப்புடு."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தம்பி பசியோடு நிற்கிறான் என்று உண்மையாகவே நம்பிச் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர்ச் சொம்போடு என் மகள் எனக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

அவளுக்குப் பதினாறு வயது. ஒரு வருடத்துக்கு முன், பத்தாம் வகுப்புக் கடைசிப் பரீட்சை நடந்த காலையில், அவள் அப்பாவுக்குப் பஸ் நிலையத்தில் நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் இருந்தார். பரீட்சை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது போய்விட்டார். கொண்டு வரும்போதே நினைவில்லை, யாரையும் தெரியவில்லை என்றுதான் மகளிடம் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வருடமும் அதையேதான் சொன்னேன்.

சொம்பைத் தரையில் வைத்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. படியிறங்கிப் போனாள்.

நான் பின்னாலேயே போயிருக்க வேண்டும். காகம் எடுப்பதற்கு முன் மனைவி மாடியை விட்டு இறங்கக் கூடாது என்று அரை மணிக்கு முன்புதான் நாத்தனார் சொல்லியிருந்தார். நம்பிக்கை குறைவு என்று எழுதினேனே, அந்த நான்தான் அசையாமல் அங்கேயே நின்றேன். இன்னும் பத்து நிமிடத்தில் ஏதாவது ஒரு காகம் வராதா, அதன்பின் போய்ச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காகம் வரவில்லை. பன்னிரண்டரைக்கு இலையை எடுத்துப் பசு மாட்டுக்கு வைத்தார்கள். குழந்தைகள் உள்ளவர்கள் சாப்பிடலாம் என்றார்கள். என்னைச் சாப்பிடச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, எனக்கும் மனமில்லை.

கீழே அறையில் மகள் இல்லை. மேசை மேல் அவள் செல்போன் இருந்தது. அடுக்களையில் படையல் வடைகளில் மூன்று குறைந்திருந்தன. அவள் அப்பா வேலைக்கு எடுத்துப் போகும் டிபன் டப்பாவையும் காணவில்லை.

கொழுந்தனார் பஸ் நிலையத்துக்குப் போன் போட்டார். அங்கிருந்த நேரக்காப்பாளர் பதறாமல் பதில் சொன்னார்: "நம்ம டிரைவர் பொண்ணுதான? பன்னண்டு மணி கரியாலூர் வண்டில முன் சீட்ல குந்திக்கினு போச்சே. அப்பா திதி, மலைக்குப் போறேன்னுச்சு. நீங்கல்லாம் முன்னாடியே போய்ட்டீங்கன்னு நெனச்சேன்."

கோமுகி அணையைத் தாண்டிவிட்டால் அந்த பஸ்ஸில் யாருடைய போனும் எடுக்காது. கொழுந்தனாரின் வண்டியை யாரோ கடைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். அது வரும்வரை ஒரே இடத்தில் நிற்க முடியாமல் அவள் அறையைக் கிளறினேன். அப்பாவின் காக்கிச் சட்டைகளை வைத்திருந்த டிரங்குப் பெட்டியை அவள்தான் கேட்டு வாங்கித் தன் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். சட்டைகளுக்குக் கீழே நான்கு நீள நோட்டுகள் இருந்தன. ராத்திரி அவள் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். பாடம் எழுதுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

அவை பாடமல்ல. ஒரு முழு உலகம்.

முதல் நோட்டின் முதல் பக்கத்தில் வரைபடம். ஏழு மடிப்புகளாக ஒரு மலை. மடிப்புகளுக்கு இடையில் ஊர்கள், ஆறுகள், சந்தைகள், அரசர்கள், அவர்களின் சண்டைகள். ஏழாவது மடிப்பின் உச்சியில் ஒரு மொட்டைப் பாறை. பாறை மேல் ஓர் அண்டங்காக்கை. அந்த உலகத்துக்கு அதுதான் தெய்வம். பெயர் கிடையாது. எல்லோரிடமும் கடைசியாக வருவதால் மக்கள் அதைக் கடைசிக் காகம் என்கிறார்கள்.

அந்த நாட்டில் செத்தவர்கள் மலையேறிப் போய் அதன் முன் நிற்க வேண்டும். அது பாவத்தைக் கேட்காது, புண்ணியத்தையும் கேட்காது. ஒரே கேள்விதான்: உனக்கு என்ன தெரியும்?

உழவன் மழை வரும் முன் மண் எப்படி மணக்கும் என்று சொல்கிறான். தாய், தன் குழந்தை எந்த இடத்தில் தட்டினால் தூங்கும் என்று சொல்கிறாள். திருடன் ஓசையில்லாமல் கதவு திறக்கும் விதத்தைச் சொல்கிறான். எதுவும் சின்ன விஷயமில்லை. ஒவ்வொருவர் சொல்வதும் அதன் உடம்பில் ஓர் இறகாக முளைக்கிறது. எல்லாவற்றையும் சொல்லி முடித்தவர் கனம் குறைந்து காற்றோடு போய்விடுகிறார். காகம் மட்டும் கனத்துக்கொண்டே போகிறது. உலகம் தொடங்கியதிலிருந்து செத்த எல்லோருக்கும் தெரிந்ததெல்லாம் அதன் மேல் இருப்பதால் அதனால் அடிக்கடி பறக்க முடியாது. அது சிறகை விரித்தால் ஏழு மடிப்புக்கும் நிழல் விழும். அன்று ஏழு நாட்டிலும் சண்டை நிற்கும்.

கட்டிலில் உட்கார்ந்து வாசித்தேன். மகளைக் காணோம் என்ற பயத்தின் நடுவிலும் எனக்கு மயிர் கூச்செறிந்தது. நான் நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவில் வேலை செய்கிறேன். எத்தனையோ வருடங்களாகச் செத்தவர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். பெயர், வயது, முகவரி, காரணம். அவர்களுக்கு என்ன தெரியும் என்று நான் யாரையும் கேட்டதில்லை. கேட்பதற்குக் கட்டமும் இல்லை. என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், நான் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு பிள்ளை சாவுக்கு இப்படி ஒரு கேள்வியைக் கண்டுபிடித்திருக்கிறது.

நான்காவது நோட்டில் 'ஓட்டுநரின் இறகு' என்று ஒரு தலைப்பு. மலைப்பாதையில் எந்த வளைவில் எதிர்வண்டியின் சத்தம் பின்னாலிருந்து வருவதுபோல் கேட்கும். பிரேக் சூடானால் முதலில் என்ன வாசனை வரும். பிரசவ வலியோடு ஒரு பெண் ஏறினால் எந்தப் பள்ளத்தில் வண்டியை எப்படி இறக்க வேண்டும். கரியாலூருக்கு முந்தைய வளைவில், மொட்டைப் பாறைக்குக் கீழே, இன்ஜின் ஆற ஐந்து நிமிடம் நிறுத்தும்போது ஓர் அண்டங்காக்கை வரும், அதற்கு வடையில் பாதி. இவ்வளவும் அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுவாரே, அப்போது சொல்லியிருக்கிறார்.

பக்கத்தின் பாதியில் எழுத்து நின்றிருந்தது. கீழே சின்னதாக ஒரு வரி: 'கடைசி மூன்று மணி நேரத்தில் அவருக்கு என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.'

அவள் என்னை நம்பவே இல்லை. ஒரு வருடமும்.

அடுத்த பக்கத்தில் ஒரு விதி இருந்தது. உயிரோடு இருப்பவர் ஒரே ஒரு முறை மலையேறி, ஓர் இறகைக் கேட்கலாம். பதிலுக்கு, செத்தவர் யாருக்கும் தெரியாத ஒன்றைக் காகத்துக்குச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு பெண் புறப்படுகிறாள். பாறையடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறுகிறாள். அதற்குப் பிறகு வெள்ளைத் தாள்கள். திரும்பி வந்தாளா என்று எழுதவில்லை.

வண்டி வந்த சத்தம் கேட்டது. நோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன்.

கச்சிராயபாளையம் தாண்டி அணை வரையில் கொழுந்தனார் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தார். "அது தைரியமான பொண்ணு அண்ணி, ஒண்ணியும் ஆவாது." மலையேறத் தொடங்கியதும் வண்டியின் கியரைக் குறைத்தார். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தைப் பார்க்காமல் இருக்க அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாதையில் நான் அதற்கு முன் மூன்று முறைதான் போயிருந்தேன். வளைவுகளை எண்ணினேன். பாதியில் எண்ணிக்கை தவறிவிட்டது.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னதாக அந்த வளைவை அடைந்தோம். சாலையோரம் ஒரு கல்வெர்ட்டின் குட்டைச் சுவர். அதற்கு மேலே, மரங்களுக்கு நடுவில், யானை முதுகு போல மொட்டைப் பாறை. வரைபடத்தில் இருந்தது இதேதான். பாறையடியில் என் மகளின் செருப்புகள் ஜோடியாக, அழகாக வைக்கப்பட்டிருந்தன.

கொழுந்தனார் என்னைக் கல்வெர்ட்டின் மேல் உட்காரவைத்தார்.

சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு மலைக்காரப் பெண்மணி குடிசை வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸு டிரைவர் பொண்ணுதான? மேல ஏறுச்சு. ரொம்ப நேரம் குந்தியிருந்துச்சு. நான் உள்ள போயிட்டு வந்து பாத்தா ஆளக் காணோம். அந்தாண்ட எறங்கினா ஓட வரும். ஓடயப் புடிச்சிக்கினே போனா அருவிதான்."

அருவி என்றதும் நான் எழுந்துவிட்டேன். கொழுந்தனார் தடுத்தார். "நீங்க இங்கயே இருங்க அண்ணி. அது திரும்பி வந்தா இங்க ஒரு ஆளு இருக்கணும்ல. காலைல இருந்து பச்சத் தண்ணி குடிக்கல நீங்க, பாதில வுழுந்தா நான் யாரன்னு தூக்குவேன்?" என்றார். அந்தப் பெண்மணியின் கணவர் அரிவாளை எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பினார். இரண்டு பேரும் ஓடைப் பக்கம் இறங்கிப் போனார்கள். அவர்கள் கூப்பிடும் குரல் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

நான் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். மூன்றரை ஆயிற்று. நான்கு ஆயிற்று. ஒரு பஸ் இறங்கிப் போனது. புதிய டிரைவர் அந்த இடத்தில் நிறுத்தவில்லை.

அது எப்போது வந்தது என்று தெரியாது. இறக்கைச் சத்தம் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது கல்வெர்ட்டின் மறு முனையில் உட்கார்ந்திருந்தது.

ஊர்க் காகத்துக்குக் கழுத்தில் சாம்பல் நிறம் உண்டு. இதற்கு உச்சியிலிருந்து வால்வரை கறுப்பு. வெயில் பட்ட இடத்தில் அந்தக் கறுப்பு நீலமாகி, ஊதாவாகி, மறுபடி கறுப்பானது. அலகு தடிமனாக வளைந்திருந்தது. ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்தது. பிறகு அடித்தொண்டையிலிருந்து ஒரே ஒரு முறை சத்தம் கொடுத்தது. ஊர்க் காகம் கரைவது போல இல்லை. யாரோ கதவுக்குப் பின்னாலிருந்து கேள்வி கேட்பது போல இருந்தது.

நான் படித்தவள். அது ஒரு பறவை, வடை கிடைத்த இடத்துக்கு வடைக்காக வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் செருப்பைக் கழற்றினேன். மகளின் செருப்புக்குப் பக்கத்தில் விட்டேன். கைகள் தாமாகக் குவிந்தன. எத்தனை கோயில்களில் கும்பிட்டிருப்பேன்! திருநாவலூரில் சந்நிதிக்கு நேராக நின்றபோதுகூட என் கைகள் இப்படித் தாமாகக் குவிந்ததில்லை. என்னைவிட மிகப் பழையதான ஒன்று என் முன்னால் பொறுமையாக உட்கார்ந்திருந்தது. அந்த இறகுகளில் ஒன்று அவருடையது என்று அந்த நேரத்தில் நான் முழுதாக நம்பினேன்.

செத்தவர் யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். என்னிடம் அப்படி ஒன்று இருந்தது.

சொன்னேன். வாய்விட்டே சொன்னேன். அவர் முதல் முறை பாப்பா வந்துச்சா என்று கேட்டபோது பள்ளிக்கூடத்து எண் என் கையில் இருந்தது. போட்டேன், மணி அடிக்கும் முன் நிறுத்தினேன். இரண்டாம் முறை கேட்டபோது, போன் பண்ணினேன், பரீட்சை முடியாமல் விட மாட்டார்களாம் என்று அவரிடம் சொன்னேன். அது பொய். நான் யாரையும் கேட்கவே இல்லை. அவர் பிழைத்துவிடுவார், பரீட்சை போனால் வராது என்று கணக்குப் போட்டேன். அவர் சரி என்பது போலத் தலையை ஆட்டினார். நாத்தனார் அப்போது மருந்து வாங்கப் போயிருந்தார். பள்ளிக்கூடம் விடவில்லை என்று நம்பிக்கொண்டுதான் என் கணவர் போனார். தவறு என்னுடையது என்று அவருக்கே தெரியாது.

"அவ எங்க இருக்கான்னு மட்டும் காட்டு. இறகு வேணாம்," என்றேன்.

அது தலையைச் சாய்த்துக் கேட்டது. பிறகு எழுந்தது. இறக்கை விரிந்தபோது நிழல் என் முகத்தின் மேல் விழுந்து கடந்து போனது. பாறைக்கு மேலே போய் மறுபக்கம் மறைந்தது. எதையும் காட்டவில்லை. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். புளி தட்டும் சத்தமும் நின்றுவிட்டிருந்தது. அந்தப் பெண்மணி கையில் கழியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நான் குடிக்கவில்லை.

இதெல்லாம் நடந்து மூன்று மாதம் ஆகிறது. இன்னும் அலுவலகத்தில் யாராவது இறப்புப் படிவத்தை நீட்டினால் எனக்கு அந்த ஒரு மணி நேரம் திரும்ப வந்துவிடுகிறது. வரிசையில் நிற்பவரிடம், உங்கள் அப்பாவுக்கு என்னென்ன தெரியும் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டும் இருக்கிறேன். ஒரு கிழவர், இறந்துபோன தன் மனைவிக்கு எந்த மாடு எப்போது கன்று போடும் என்று பார்த்தவுடனே தெரியும் என்றார். படிவத்தில் அதற்கு இடமில்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

அன்று ஐந்தாக ஐந்து நிமிடம் இருந்தது. ஓடைக்குப் போனவர்கள் திரும்பவில்லை. சாலையின் மேல் பக்கமிருந்து, கரியாலூர் வழியாக, வெறுங்காலோடு ஒருத்தி நடந்து வந்தாள். பாவாடையின் விளிம்பு நனைந்திருந்தது. கையில் கழுவிய டிபன் டப்பா. பாறையின் மறுபக்கம் இறங்கி, வழி தெரியாமல் சுற்றி, ஊருக்குள் போய்ச் சாலையைப் பிடித்திருக்கிறாள் என்பது பிறகு தெரிந்தது.

நான் எழ முயன்றேன். அவள் வந்து என் முன்னால் குந்தினாள். ஜோடி ஜோடியாக இருந்த நான்கு செருப்புகளையும் பார்த்தாள். என் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நோட்டையும் பார்த்தாள். கோபப்படவில்லை. டப்பாவைத் திறந்தாள். அரை வடை மிச்சம் இருந்தது.

"ரெண்டர வட சாப்ட்டுச்சும்மா. நீ இனிமே சாப்புடலாம்," என்று அதை என் கையில் வைத்தாள்.

"அதுங்கிட்ட கேட்டியா?" என்றேன்.

"கேக்கல. கேக்கலாம்னு வாயத் தொறந்தேன். அதுங்கிட்ட செத்தவங்களுக்குத் தெரிஞ்சதுதான இருக்கும். கூட இருந்தவ நீதான் உசுரோட இருக்கியே." என் செருப்பை எடுத்து என் காலருகே வைத்தாள். "நோட்டுல அந்தப் பக்கம் பாதி காலியா கீதும்மா. வூட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள சொல்லு."